அப்பா அம்மாவோடு எங்கே நடப்பது? சான் ஹோசே பக்கத்து நான்கு மலைப்பாதைகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து, பகல் தூக்கமெல்லாம் தெளிந்த இரண்டாவது வாரத்தில், கலிஃபோர்னியாவின் பே ஏரியா தமிழ் வீடுகளில் அந்தப் பேச்சு வந்துவிடும்: இந்தச் சனிக்கிழமை எங்கே கூட்டிப் போவது? கோல்டன் கேட் பாலம் பார்த்தாகிவிட்டது. லிவர்மோர் கோயிலுக்கும் போய்வந்தாகிவிட்டது. ஊரில் விடியற்காலை ஒரு மணி நேரம் நடந்து பழகியவர்கள் இங்கே அபார்ட்மென்ட் வளாகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்வார்: "மிஷன் பீக் போயிட்டு வாங்க, சூப்பரா இருக்கும்."

அப்படிச் சொன்னதைக் கேட்டு ஒரு ஜூன் மாதக் காலையில் அறுபத்தாறு வயது அப்பாவை அங்கே ஏற்றினேன். பாதி மலையிலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. என் நிழலில் அவரை உட்காரவைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நான் நின்றேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதையையும் முதலில் நான் தனியாக நடந்து பார்த்துவிட்டுத்தான் பெரியவர்களைக் கூட்டிப்போகிறேன். அப்படி நடந்ததில் நான்கு இடங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஃப்ரீமான்ட்டின் மிஷன் பீக், மில்பீட்டஸின் எட் லெவின், கூப்பர்டினோ பக்கத்து ராஞ்சோ சான் அன்டோனியோ, சான் ஹோசேயின் தெற்கு ஓரத்து அல்மடென் குவிக்சில்வர்.

ஒப்பிடுவதற்கு முன், யார் எதை நடத்துகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் விதிகள் அதற்கேற்ப மாறும். மிஷன் பீக்கைப் பார்த்துக்கொள்வது 1934இல் தொடங்கிய ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட். எட் லெவினும் அல்மடெனும் சான்டா கிளாரா கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பூங்காக்கள். ராஞ்சோ சான் அன்டோனியோவில் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றியுள்ள சுமார் 165 ஏக்கர் கவுண்டிப் பூங்கா. அதைத் தாண்டி மலைமேல் விரிகிற ஏறத்தாழ 4,000 ஏக்கர், மிட்பெனின்சுலா ரீஜனல் ஓபன் ஸ்பேஸ் டிஸ்ட்ரிக்டினுடையது. இந்த மிட்பென் அமைப்பு 1972இல் மக்கள் ஓட்டுப் போட்டு உருவானது. அதே ஆண்டுதான் கவுண்டி வாக்காளர்களும் சொத்துவரியில் ஒரு பங்கைப் பூங்காக்களுக்கென்றே ஒதுக்கிவைக்க ஒப்புதல் தந்தார்கள். சிலிக்கான் சிப் தொழில் பழத்தோட்டங்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அன்று அவர்கள் அந்த ஓட்டைப் போட்டிருக்காவிட்டால் இன்று நாம் நடக்கிற மலைச்சரிவில் வீடுகள் நின்றிருக்கும். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

மிஷன் பீக்கா, எட் லெவினா?

மிஷன் பீக்கின் உயரம் 2,517 அடி. ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 3 மைல். அந்த 3 மைலுக்குள் 2,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். பழனியில் படிக்கட்டும், மூச்சு வாங்க மண்டபமும் உண்டு. இங்கே மாடு மேயும் புல்வெளியும் சரளை மண்ணும்தான். உச்சியில் 1990இல் நட்ட ஒரு கம்பம் இருக்கிறது. சுற்றிலும் உள்ள இடங்களைக் குறிவைத்துப் பார்க்க அதில் குழாய்கள் பொருத்தியிருக்கிறார்கள். இப்போது அந்தக் குழாய் வழியாகப் பார்ப்பவர் குறைவு, கம்பத்தின்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர் அதிகம். அதற்கு வரிசையே நிற்கிறது.

காட்சி அற்புதம், மறுக்கவில்லை. மழை பெய்து முடிந்த பிப்ரவரிக் காலையில் மலை முழுக்கப் பச்சைப் பட்டு விரித்ததுபோல் இருக்கும். ஆனால் வாசலில் சில பத்து வண்டிகளுக்குத்தான் இடம். சுற்றியுள்ள தெருக்களில் பெர்மிட் இல்லாமல் நிறுத்த முடியாது. ஓலோனி கல்லூரிப் பக்கமிருந்தும் ஒரு பாதை வருகிறது. கொஞ்சம் நீளம், வண்டி நிறுத்தக் காசு கட்ட வேண்டும், ஆனால் ஏற்றம் சற்று நிதானமானது. மிஷன் பீக்தான் வேண்டும் என்பவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்புவேன். வளைந்து போகிற பாதையை விட்டு நேர்குறுக்காக ஏறி ஏறி மலைச்சரிவில் விழுந்திருக்கும் வடுக்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். தயவுசெய்து குறுக்கே ஏறாதீர்கள். புல்வேர் போன இடத்தில் அடுத்த மழைக்கு மண்ணே போய்விடுகிறது.

எட் லெவினிலிருந்து ஏறுகிற மான்யுமென்ட் பீக் இதே மலைத்தொடரில், இதற்குத் தெற்கே நிற்கிறது. உயரம் 2,594 அடி. மிஷன் பீக்கைவிட 77 அடி அதிகம் என்றால் பலர் நம்புவதில்லை. கூட்டம் அங்கே பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நுழையும்போது வண்டிக்குக் கட்டணம் உண்டு, இடம் தாராளமாகக் கிடைக்கும். உச்சியில் ஆன்டெனா கோபுரங்கள் நிற்பதால் படம் அவ்வளவு அழகாக வராது, அது ஒன்றுதான் குறை. கீழே சாண்டி ஊல் ஏரிக்கரையில் பெரியவர்களை உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய்வரலாம். பறக்கக் காற்று தோதாக இருக்கும் நாளில், ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் ஹேங் கிளைடர்கள் சரிவிலிருந்து ஓடிக் கிளம்பி ஏரிப் பக்கத்துப் புல்வெளியில் வந்து இறங்கும். என் அம்மா ஒரு மணி நேரம் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்க்க ஏற வேண்டும் என்ற ஆசையும், கூட வந்தவர்கள் சும்மா காத்திருக்கக் கூடாது என்ற அக்கறையும் சேர்ந்து இருப்பவருக்கு மிஷன் பீக்கைவிட எட் லெவின் எவ்வளவோ மேல்.

ராஞ்சோ சான் அன்டோனியோ

கைக்குழந்தை, ஸ்ட்ரோலர், மூட்டுவலி இந்த மூன்றில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தாலும் ராஞ்சோவுக்குப் போங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து டியர் ஹாலோ பண்ணைக்கு ஒரு மைல் நடை, பெரும்பாலும் சமதளம், ஓடையோரம், ஓக் மர நிழல். பண்ணையை மவுண்டன் வியூ நகராட்சி நடத்துகிறது. ஆடு, பன்றி, கோழி, காய்கறித் தோட்டம் எல்லாம் உண்டு. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளாட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "காது தொங்கலையே, இது என்ன ஜாதி?" என்று கேட்டார். இங்கே வந்த நாளிலிருந்து அவர் தெம்பாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இந்தப் பாதையில் ஒரு கதை ஓடுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் சிற்றோடையின் பெயர் பெர்மனென்டே. வற்றாதது என்று பொருள். அதன் கரையில் 1939இல் ஹென்றி கைசர் சிமென்ட் ஆலை தொடங்கினார், அதற்கு ஓடையின் பெயரையே வைத்தார். பிறகு தன் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மருத்துவத் திட்டத்துக்கும் அதே பெயர் போனது. இன்று நம்மில் பாதிப் பேர் பையில் வைத்திருக்கும் கைசர் பெர்மனென்டே மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இருப்பது இந்த ஓடையின் பெயர்தான். அதைச் சொன்னதும் அப்பா என் பர்ஸிலிருந்து அட்டையை எடுக்கச் சொல்லி, வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

பண்ணையைத் தாண்டினால் ராஞ்சோவின் முகம் மாறும். வைல்ட்கேட் பாதையில் கலிஃபோர்னியா பே மரங்கள் அடர்ந்திருக்கும். ஒரு சருகை எடுத்துக் கசக்கினால் பிரியாணி இலை வாசனை, ஆனால் பல மடங்கு காரமாக மூக்கில் ஏறும். அங்கிருந்து மேலே மேலே போனால் 2,800 அடி பிளாக் மவுன்டன். போக வர 10 மைலுக்கு மேல், முழு நாள் வேலை. ராஞ்சோவின் குறை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சனி, ஞாயிறில் எட்டரைக்குப் பிறகு போனால் ஒருவர் கிளம்புவதற்காகப் பத்து வண்டி சுற்றிக்கொண்டிருக்கும். இங்குள்ள மிட்பென் நிலத்தில் நாய்க்கும் அனுமதி இல்லை.

அல்மடென் குவிக்சில்வர்

நம்மவர்கள் அதிகம் போகாத இந்த இடத்தைத்தான் நான் நான்கிலும் முதலாவதாக வைப்பேன். 4,163 ஏக்கர், 30 மைலுக்கு மேல் பாதைகள், நுழையவும் வண்டி நிறுத்தவும் கட்டணம் இல்லை. நாயைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போகலாம். ஆனால் என் காரணம் வேறு. மற்ற மூன்றிலும் நடந்து முடித்ததும் கால்வலியும் படங்களும் மிஞ்சும். இங்கே அடிக்கு அடி பேச விஷயம் கிடைக்கும்.

குவிக்சில்வர் என்றால் பாதரசம். இந்த மலைக்குள் இருந்த சிவப்புக் கல்லை ஓலோனி பழங்குடியினர் உடம்பில் பூசும் சாயத்துக்கு எடுத்துவந்தார்கள். 1845இல் அந்திரேஸ் காஸ்தியேரோ என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி அது பாதரசக் கல் என்று கண்டுகொண்டார். ஸ்பெயினின் புகழ்பெற்ற அல்மதேன் சுரங்கத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1848இல், சியெரா மலையடிவாரத்தில் தங்கம் கிடைத்தது. கல்லோடும் மணலோடும் கலந்த தங்கத்துகளைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டும்; பாதரசம் இங்கே இருந்து போனது. இரும்புக் குப்பி ஒன்றுக்கு 76 பவுண்ட் வீதம் பத்து லட்சத்துக்கும் அதிகமான குப்பிகள் இந்த மலையிலிருந்து இறங்கின. சான் ஹோசேயின் மெர்க்குரி நியூஸ் பத்திரிகையின் பெயரில் உள்ள மெர்க்குரி இதுதான். சிலிக்கானுக்கு நூறு வருஷம் முன்பே இந்தப் பள்ளத்தாக்கைப் பணக்காரப் பள்ளத்தாக்கு ஆக்கியது இந்தக் கல்.

அப்பாவின் தாத்தா நாட்டு வைத்தியர். சுரங்க மேலாளர் குடியிருந்த, 1854இல் கட்டிய காசா கிராண்டே என்ற பெரிய வீடு இப்போது மியூசியமாக இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சிவப்புக் கல்லைப் பார்த்ததும் அப்பா குனிந்தார், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டார், "டேய், இது சாதிலிங்கம்டா" என்றார். சித்த மருந்துக்கு அதைச் சுத்தி செய்வதற்குத் தாத்தா பட்ட பாட்டையும், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாததையும் பாதை நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிஷன் பீக்கில் வாய் திறக்காமல் நடந்த அதே மனிதர். நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஹசியெண்டா வாசலிலிருந்து மைன் ஹில் பாதையில் ஏறினால் முதல் ஒரு மைல் மூச்சு வாங்கும். அதன்பிறகு வருவது இங்கிலீஷ் டவுன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தது. இப்போது சில பாழடைந்த கட்டடங்கள்தான். மெக்சிகோ, சிலி தொழிலாளர்களின் ஸ்பானிஷ் டவுன் தனியாக, தள்ளி இருந்தது. வேலை ஒன்று, குடியிருப்பு வேறு. இலங்கை மலையகத் தோட்டங்களின் லயன் வீட்டு வரிசைகளைப் பார்த்தவருக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சான் கிறிஸ்டோபல் சுரங்க வாயில் கம்பிக் கதவு போட்டு அடைத்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் முகத்தில் குளிர்காற்று படும்.

ஏற முடியாதவர்களுக்கு மெக்கபி ரோடு வாசல் நல்லது. கொஞ்ச தூரத்திலேயே செனடோர் சுரங்கத்தின் கான்கிரீட் மிச்சங்கள் நிற்கும், பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். மாக்கிங்பேர்ட் ஹில் வாசலிலிருந்து போகிற நியூ அல்மடென் பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் நிழலும் உண்டு. மைன் ஹில் பாதையிலோ நிழல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஜூலை மதியத்தில் யாரையும் அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மலையிலிருந்து கரைந்த பாதரசம் சுற்றியுள்ள அல்மடென், குவாடலூப் நீர்த்தேக்க மீன்களில் ஏறியிருக்கிறது. பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

எந்த மாதம், எந்த வாசல்

நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் கத்திரி வெயிலுக்குத் தப்பி மே மாதம் வருகிறார்கள். சிக்கலே அங்கேதான். இங்கே மலை பச்சையாக இருப்பது டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை. மே முடிவதற்குள் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும், வெட்டவெளிப் பாதைகள் அடுப்பாகிவிடும். ஆகவே அவர்கள் இருக்கும் காலத்தில் பாதையின் உயரத்தையோ உச்சிக் காட்சியையோ பார்க்காமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: நிழல் உண்டா, நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா. ராஞ்சோவில் பண்ணையோடு திரும்பலாம், போய்வந்த நிறைவு இருக்கும். அல்மடெனில் ஒரு சுரங்கத்தோடு திரும்பலாம். மிஷன் பீக்கில் பாதியில் திரும்பினால், தன்னால்தான் எல்லோரும் திரும்ப வேண்டியதாயிற்று என்று பெரியவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

நான்கு இடத்துக்கும் பொதுவாக: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாதையோரம் மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஓக் செடியில் கை படக் கூடாது. பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். வெயில் நாளில் ராட்டில்ஸ்னேக் பாம்பு பாதையிலேயே படுத்திருக்கும், அம்மாக்களுக்குப் புடவையோ சுடிதாரோ எதுவானாலும் காலில் ஷூ கட்டாயம். கவுண்டிப் பூங்காக்கள் காலை 8 மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடிவிடுவார்கள்.

வருகிற மே மாதம் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். முதல் சனிக்கிழமை ராஞ்சோ, ஏழரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவோம். இரண்டாவது சனிக்கிழமைக்கு மெக்கபி வாசல். அப்பா ஊரிலிருந்து போனில் இப்போதே சொல்லிவிட்டார்: "மியூசியத்துல அந்தக் கல்லைச் சம்பந்திக்கு மறக்காம காட்டு."