பஸ் வீட்டுக்குப் பழைய ஃப்ரிட்ஜ்: சிவாஜிநகர் கடை எப்படி?

கடைப் பெயரைப் போடவில்லை, நல்லதோடு குறையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன் என்பதால். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் இருக்கிற செகண்ட் ஹேண்ட் கடை, வாசலிலேயே வாஷிங் மெஷின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், ஓனர் பாய் நம்மிடம் தமிழிலேயே பேசுவார். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, விலை குறைவு, பேரம் பேசினால் இன்னும் குறையும், அவ்வளவுதான். நான் எழுதுவது எங்களை மாதிரி பஸ்ஸை வீடாக்கிக்கொண்டு இருப்பவர்களுக்காக.

எங்களுடையது ஒரு பழைய ஸ்கூல் பஸ். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஓசூர் ரோட்டுப் பக்கம் மச்சானின் நிலத்தில் நிறுத்தியிருக்கிறோம். கூரையில் சோலார், உள்ளே 24 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, அதாவது நிறைந்திருந்தால் சுமார் இரண்டரை யூனிட். இதற்குள் ஒரு குடும்பம் நடக்க வேண்டும். அதனால் கடையில் சொல்லும் விலை எங்களுக்குப் பாதி விலைதான், மீதியைப் பேனலிலும் பேட்டரியிலும் கொடுக்கிறோம்.

கணக்கு இப்படி. ஃப்ரிட்ஜின் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணுவார்கள், அந்த எண்ணைப் பார்க்க மாட்டார்கள். 170 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 300 யூனிட் என்றால் முக்கால் யூனிட்டுக்கு மேல். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெங்களூர் வெயிலுக்கு ஒரு 100 வாட் பேனல் நல்ல நாளில் கொடுப்பதே சுமார் 0.4 யூனிட்தான், ஆக அந்த ஃப்ரிட்ஜுக்காகவே கூரையில் இன்னொரு பேனல் ஏற்ற வேண்டும், ஜூலை மாத மேகமூட்டத்தில் அதுவும் போதாது. ஸ்டார் அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், அதனால் பழைய ஐந்து ஸ்டாரும் இன்றைய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் ஆண்டு இருக்கும், அதையும் பாருங்கள். லேபிளைக் கிழித்துவிட்டிருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இந்தக் கடையை நான் மதிப்பது ஒரே காரணத்துக்காக. காரின் டிக்கியில் பேட்டரியும், அதன் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் ஒரு கிலோவாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டரும், எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டில் வாங்கிய, எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் ப்ளக் வாட் மீட்டரும் எடுத்துப் போயிருந்தேன். "பாய், இதுல போட்டுப் பாத்துதான் எடுப்பேன்" என்றதும் முகம் சுளிக்காமல், "தாராளமா போடுங்க, ஓடலைன்னா எடுக்காதீங்க" என்று வாசலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இதே வேலையை வேறு கடைகளில் செய்யக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

முதலில் ஒரு டபுள் டோர். பார்க்கப் புதுசு மாதிரி, விலையும் ஆசை காட்டுகிற விலை. ப்ளக்கைப் போட்டதும் கம்ப்ரஸர் ஒரு 'டொக்', இன்வெர்ட்டர் கத்திவிட்டு ஆஃப். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டாலும் அதே. பழைய வகை கம்ப்ரஸர் ஓடும்போது 100, 150 வாட்தான் காட்டும், கிளம்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். போதாக்குறைக்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் பனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் வேறு. கரன்ட்டைக் கொடுத்துக் குளிரவைத்து, மறுபடி கரன்ட்டைக் கொடுத்துச் சூடாக்கவா பஸ்ஸில் சோலார் போட்டோம்?

அடுத்தது சிங்கிள் டோர், 190 லிட்டர், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், அதாவது மெதுவாகக் கிளம்பி, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்வது. மீட்டரில் எண் மெதுவாக ஏறி நூறைத் தொடாமலேயே நின்றது. ஆனால் அதே மாடலில் இரண்டு இருந்தன, ஒன்று ஐந்நூறு ரூபாய் குறைவு. குறைந்ததைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். கம்ப்ரஸர் மேல் ஆர்600ஏ என்று குளிர்விக்கும் கேஸின் பெயர் போட்ட ஸ்டிக்கர், ஆனால் கேஸ் ஏற்றுகிற குழாயின் முனையில் புதுப் பற்றவைப்பு, சுற்றிலும் கருப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். எந்த கேஸ் போட்டீர்கள் என்றால் "ஒரிஜினல் கேஸ்" என்கிறார் பாய், மெக்கானிக் பையன் தரையைப் பார்க்கிறான். ஆர்600ஏ எரியும் வாயு, ஃப்ரிட்ஜில் இருப்பது என்னவோ சில பத்து கிராம்தான். ஆனால் அதற்கான கம்ப்ரஸரில் வேறு கேஸை ஏற்றினால் சரியாக வேலை செய்யாது. எனக்கு இந்த மழுப்பல் பிடிக்கவில்லை. கை படாத இன்னொன்றை 6,500 ரூபாய்க்கு முடித்தேன். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், பிடிப்பு நன்றாகவே இருந்தது.

வாஷிங் மெஷினில் செமி ஆட்டோமேட்டிக்தான் எடுத்தோம், 3,500. ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக் குழாயில் ஓரளவு தண்ணீர் அழுத்தம் வேண்டும், பஸ் டேங்கில் அது வராது. இதில் பக்கெட்டால் ஊற்றினாலும் ஓடும். மைக்ரோவேவ் அள்ளிக்கொள்ளும் விலையில் இருந்தது, தொடவில்லை. சூடு 700 வாட் என்று போட்டிருந்தால் ப்ளக்கில் அது இழுப்பது ஆயிரத்துக்கு மேல். மாறாக டேபிள் டாப் கிரைண்டருக்குப் பயப்பட வேண்டியதில்லை, 150 வாட்தான், அரை மணி நேரம் ஆட்டினாலும் 75 வாட்-அவர், இட்லிக்கு அவ்வளவு கூடக் கொடுக்காவிட்டால் எப்படி! டிவி வாங்குவதானால் பின்னால் தனி அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள், 12 வோல்ட் அடாப்டர் என்றால் ஒரு கன்வெர்ட்டர் வைத்து பேட்டரியிலிருந்தே ஓட்டிவிடலாம், இன்வெர்ட்டர் வேண்டாம்.

டேப் எடுத்துப் போக மறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் பஸ்ஸுக்குள் போகுமா என்பது அகலத்தில் மட்டும் இல்லை. படிக்கட்டில் ஏறும் இடத்தில் கைப்பிடிக் கம்பி தடுக்கும், ஏறியதும் இன்ஜின் மூடி இருக்கும், அங்கே திருப்ப இடம் வேண்டும். நாங்கள் எமர்ஜென்சி கதவு வழியாகத்தான் ஏற்றினோம்.

இனி குறை. டெலிவரி மோசம். நிற்கவைத்தே கொண்டுவர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் குட்டி யானையில் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள், வலது பக்கம் ஒரு கீறலும் இலவசம். கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும் என்பதால் இரவு முழுக்க நிற்கவைத்துவிட்டுக் காலையில்தான் போட்டோம். கியாரண்டி என்பது பில்லின் பின்னால் பேனாவால் எழுதிய 'ஒரு மாதம், கம்ப்ரஸர் மட்டும்'. ஜிஎஸ்டி பில் கேட்டால் விலை மாறும். வாஷிங் மெஷினின் டிரெயின் பைப் வரவே இல்லை, போன் செய்தால் "நாளைக்கு அனுப்புறேன் சார்". அப்புறம் நானே வெளியில் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குக் கடை மூடியிருக்கும். மாதக் கடைசியில் வாடகை வீடு காலி செய்கிறவர்களின் சாமான் வந்து சேரும், அதற்கடுத்த சில நாட்கள் நல்ல நேரம். வண்டிக்கு மட்டும் உங்கள் ஆளையே பிடித்துக்கொள்ளுங்கள், டெலிவரியை வேண்டாம் என்று சொன்னதும் பாய் முந்நூறு ரூபாய் குறைப்பார்.