காஸ்தெல்மெட்சானோ முதல் ஒஸ்தூனி வரை: வழிகாட்டி இல்லாத ஏழு நாள் சைக்கிள் பயணம்

மே மாதம் இரண்டாம் வாரத்தில் நானும் மகளும் தென் இத்தாலியில் ஏழு நாள் சைக்கிள் ஓட்டினோம். கூடவே யாரும் வர மாட்டார்கள். சைக்கிள், தங்கும் இடம், அன்றன்றைக்கான ஜிபிஎஸ் தடம், பெட்டிகளை அடுத்த ஊரில் கொண்டுபோய் வைக்கும் வேன் எல்லாவற்றையும் ஓர் உள்ளூர் நிறுவனம் பார்த்துக்கொண்டது. ஆளுக்கு 940 யூரோ. காலை உணவு அதில் சேர்த்தி, மற்ற சாப்பாடு நம் செலவு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் இதே வேலையைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் கேட்க வேண்டியவை ஒன்றுதான். எனக்கு 57 வயது. தினமும் ஓட்டுகிறவள், ஆனால் சமதரையில்.

முதலில் சைக்கிள். பணம் கட்டுவதற்கு முன்பே கியர் பற்றி எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: முன்னால் 46, 30 என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை, 40 மில்லிமீட்டர் டயர். முன்னால் 30, பின்னால் 34 என்று வைத்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில், மூச்சு வாங்காமல், உட்கார்ந்தபடியே ஏறலாம். இந்தக் கியர் இல்லையென்றால் இரண்டாம் நாளே வேனில் ஏறியிருப்பேன். பந்தய சைக்கிளைக் கொடுத்து "இதுவே போதும்" என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். சீட்டின் உயரம், ஹேண்டில்பாரின் தூரம் எல்லாவற்றையும் அந்த மெக்கானிக் அரை மணி நேரம் பொறுமையாகச் சரிசெய்தார். டயர் கழற்றி மாட்டத் தெரியுமா என்று கேட்டு, தெரியும் என்ற பிறகும் ஒருமுறை எங்களைச் செய்துகாட்டச் சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாத்தேராவிலிருந்து வேனில் காஸ்தெல்மெட்சானோ கொண்டுபோய் விட்டார்கள். பசிலிகாத்தா மாநிலத்தின் நடுவில், கூரிய மணற்பாறைகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். எதிர்ப்பக்கத்துப் பாறைகளில் பியெத்ராபெர்தோசா, 1088 மீட்டர் உயரம், அந்த மாநிலத்திலேயே உயரமான ஊர். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பி கட்டி, ஆட்களைத் தொங்கவிட்டுப் பறக்க வைக்கிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். சாலையில் பள்ளத்துக்கு இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைசி வளைவில் மகள் திரும்பிப் பார்த்து, "கஷ்டமா இருந்தா இறங்கித் தள்ளும்மா" என்றாள். இறங்கவில்லை. அந்த வளைவில் நின்று, கிளம்பின ஊரை எதிரே கண்மட்டத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷத்துக்கே 940 யூரோ தகும்.

இந்த நாட்டுப்புறத்தில் ஓட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்கள் எல்லாம் மலை உச்சியில். தாழ்நிலத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலேரியா இருந்தது. அதற்கும் முன்பு கொள்ளைக்காரர்கள் பயம். அதனால் மனிதர்கள் மேலே குடியிருந்து கீழே வந்து உழுதார்கள். சைக்கிள்காரருக்கு இதன் அர்த்தம், காலையில் இறக்கம், சாயங்காலம் கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிடக் கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்பதைக் கேளுங்கள். எங்கள் நிறுவனம் கொடுத்த தாளில் ஒவ்வொரு நாளின் கடைசி ஏற்றமும் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. குறித்தவர் அந்த வழியில் ஓட்டியவர் என்பது தெரிந்தது.

ஆனால் இரண்டாம் நாள் அதே தடம் எங்களைக் கைவிட்டது. அச்செத்தூராவைத் தாண்டி ஓர் இறக்கத்தில் சாலையை மறித்துக் கான்கிரீட் கட்டைகள். நிலச்சரிவு. இந்தப் பகுதியில் பல மலைகள் களிமண், மழைக்கு வழுக்கி இறங்கும். க்ராகோ என்ற ஊரிலிருந்து 1963-ல் நிலச்சரிவுக்குப் பிறகு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்றைக்கு அங்கே வெறும் சுவர்கள்தான். எங்கள் முன்னால் பாதிச் சாலை கீழே போயிருந்தது. திரும்பி ஏறி, சுற்றிப் போனதில் கூடுதலாக 17 கிலோமீட்டர், ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். நிறுவனத்துக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், ஒரு மணி நேரத்தில் வேன் அனுப்புவதாகவும் சொன்னார்கள். நாங்கள் ஓட்டியே போனோம். வழியில் காபி குடித்த கடையில் விசாரித்தபோது, சாலை சரிந்தது குளிர்காலத்தில் என்றார்கள். அப்படியானால் எங்கள் தடத்தை மாற்ற அவர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்திருக்கிறது. வேன் அனுப்பும் அன்பு வேறு, தடத்தை ஒருமுறை சரிபார்க்கும் கவனம் வேறு. இதில் நான் மதிப்பெண் குறைக்கிறேன்.

மில்யோனிகோவில் இரவு தங்கி, சான் ஜுலியானோ ஏரியைத் தொட்டுக்கொண்டு மாத்தேரா வந்தோம். குகை வீடுகளைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சாஸ்ஸி என்ற அந்தக் குகை வீட்டுப் பகுதிக்குள் சைக்கிளோடு இறங்காதீர்கள். எல்லாம் படிக்கட்டு, கால்பட்டு வழவழப்பான சுண்ணாம்புக் கல். சைக்கிளை மேலே புதிய ஊரிலேயே பூட்டி வைக்க இடம் கொடுத்திருந்தார்கள், நல்ல ஏற்பாடு.

அங்கிருந்து அல்தமூரா. முர்ஜா மேட்டுநிலம், கோதுமை, கல், காற்று. மரநிழல் கிடையாது. ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் உண்டு. இரண்டு நாய்கள் சாலைக்கு வந்து குரைத்தபோது நாங்கள் செய்தது தாளில் எழுதியிருந்ததைத்தான்: வேகமாக மிதித்து ஓடக்கூடாது, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவே வைத்து மெதுவாக நடக்க வேண்டும். மந்தையைத் தாண்டியதும் அவை திரும்பிப் போய்விட்டன. இந்த ஒரு வரிக்காக அந்தத் தாளை எழுதியவருக்கு நன்றி சொல்கிறேன்.

சாப்பாடு பற்றிச் சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நான் சைவம், ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை. உலர்ந்த அவரைப் பருப்பை மசித்து, மேலே கசப்புக் கீரையை வதக்கி வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். பருப்பும் கீரையும் சேர்ந்த அந்த ருசி வாய்க்கு உடனே பழகிவிட்டது. பசிலிகாத்தாவில் சிவப்பு மிளகாயை உலர்த்தி எண்ணெயில் பொரித்து நொறுக்கிப் போடுகிறார்கள். பார்க்க நம் மிளகாய் வற்றல், ஆனால் காரமே இல்லாமல் இனிக்கிறது. காது வடிவப் பாஸ்தாவைக் கீரையோடு கொண்டுவரும்போது மட்டும் ஜாக்கிரதை, அதில் நெத்திலி கரைந்திருக்கும். "சென்சா அச்சூகே", அதாவது நெத்திலி இல்லாமல், என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதியம் ஒரு மணிக்குக் கடைகளை அடைத்தால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அதனால் அல்தமூராவில் ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம். பாஸ்தா செய்கிற கெட்டிக் கோதுமையின் மஞ்சள் மாவில் செய்த ரொட்டி. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. மூன்றாம் நாளும் மெத்தென்று இருந்தது.

அல்பெரோபெல்லோவில் கூம்புக் கூரை வீடுகளைவிடக் கூட்டம் அதிகம். சீக்கிரம் கிளம்பிவிட்டோம். லோகோரோதொந்தோ வழியாகச் சிஸ்தெர்னினோ போகும் சந்துச் சாலைகள்தான் அழகு. இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர், உள்ளே ஆலிவும் பாதாமும்.

கடைசி நாளுக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டின் உச்சம் அதுதான். அபென்னைன் மலைக்கு அந்தப் பக்கம், காபோசெலெ ஊற்றிலிருந்து புல்யா மாநிலத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாயை 1906-ல் தோண்டத் தொடங்கினார்கள். 1915-ல் பாரி நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. அந்தக் கால்வாய்க்குப் பராமரிப்புப் பாதை உண்டு. சிஸ்தெர்னினோவுக்கும் செல்யெ மெஸ்ஸாபிகாவுக்கும் நடுவே அதன் ஒரு பகுதியைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மண் பாதை, கார் கிடையாது. தண்ணீர் பம்பு இல்லாமல் தானாக ஓட வேண்டும் என்பதால் மலையின் வளைவோடு வளைந்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் போகிறது பாதை. ஆறு நாள் ஏறி இறங்கிய கால்களுக்கு, மலைநாட்டின் நடுவே அப்படியொரு சமதரை! இரும்பு மூடிகளுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று மகள் இரண்டு இடத்தில் இறங்கிக் காதை வைத்துப் பார்த்தாள். அந்தத் தண்ணீரையே ஊரில் வார்ப்பிரும்புக் குழாயில் பிடித்துக் குடித்தோம்.

சாயங்காலம் வெள்ளை ஊரான ஒஸ்தூனி, வழக்கம்போலக் கடைசியில் ஓர் ஏற்றம். சைக்கிளை வாங்கிக்கொள்ள வந்தவரிடம் நிலச்சரிவு இருந்த இடத்தை வரைபடத்தில் காட்டினேன். போனை எடுத்து எங்கள் முன்னாலேயே அந்தத் தடத்தை மாற்றினார். நீங்கள் பதிவு செய்யும்போது, தடத்தைக் கடைசியாக யார், எந்த மாதத்தில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.