பாசிக்குடாவில் அறை எடுக்கிறீர்களா? ஹாஃப் போட், ஃபுல் போட், காலைச் சாப்பாடு மட்டும்: எது கட்டும்?

மட்டக்களப்பு மாவட்டக் கடற்கரையான பாசிக்குடாவில் அறை தேடினால் ஒரே அறைக்கு மூன்று நான்கு விலை காட்டும். காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்தது பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ட். இரவுச் சாப்பாடும் சேர்ந்தால் ஹாஃப் போட், மூன்று வேளையும் என்றால் ஃபுல் போட். குடிவகை, பின்னேரத் தேத்தண்ணி, சிற்றுண்டி எல்லாம் அடங்கினால் ஓல் இன்க்ளூசிவ். எதை எடுத்தாலும் கட்டில் அதே கட்டில்தான், கடல் அதே கடல்தான். கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுவதும் சாப்பாட்டுக்குப் போகிறது. அந்தக் காசுக்கு வெளியில் என்ன கிடைக்கும், அதைச் சாப்பிட எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று பார்த்தால் முடிவு வந்துவிடும்.

தூரத்தை முதலில் பார்ப்போம். பெரிய ஹோட்டல்கள் கடற்கரையோரமாக, ஊர்க் கடைகளிலிருந்து ஒதுங்கி நிற்கின்றன. வாழைச்சேனைப் பட்டினம் சுமார் 5 கிலோமீற்றர், அதை ஒட்டி ஓட்டமாவடி. சொந்த வாகனம் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். ஓட்டோவை நம்பினால் போக ஒரு காசு, வர ஒரு காசு, இரவில் காத்து நிற்க இன்னொரு காசு. அறுகம்பேயில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பிரதான வீதி நெடுக நடை தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் முன்கூட்டியே சாப்பாட்டுக்குக் கட்டுவதில் அவ்வளவு பிரயோசனம் இல்லை. பாசிக்குடாவில்தான் கணக்குப் பார்க்கவேண்டி வருகிறது.

இரவுச் சாப்பாட்டின் கணக்கு

பெற்றோர் இருவர், 9 வயதில் ஒரு பிள்ளை, 4 வயதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

காலைச் சாப்பாட்டோடு அறை 40,000 ரூபா, ஹாஃப் போட் 54,000 ரூபா, இரண்டும் வரியோடு. அப்படியென்றால் இரவுச் சாப்பாட்டின் விலை 14,000. இதை மூன்று விதத்தில் ஒப்பிடவேண்டும்.

அதே ஹோட்டலில் அன்றிரவு காசு கட்டி பஃபே சாப்பிட்டால்: பெரியவருக்கு 7,000, ஒன்பது வயதுக்குப் பாதி, நாலு வயதுக்கு இலவசம். மொத்தம் 17,500. இதோடு பார்த்தால் ஹாஃப் போட்டில் 3,500 மிச்சம். ஹோட்டல்காரர் காட்டுவது இந்த ஒப்பீட்டை மட்டும்தான்.

ஓட்டமாவடிக்குப் போய்க் கொத்தும் பொரித்த சோறும் சாப்பிட்டால்: நாலு பேருக்குச் சாப்பாடு 6,000, ஓட்டோ போக வர 3,000, ஆக 9,000. சொந்த வாகனம் என்றால் இன்னும் குறையும்.

மூன்றாவது வழி பலருக்கு நினைவே வராது. ஹோட்டல் மெனுவைப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுப்பது. 2,500 ரூபா வீதம் மூன்று தட்டு எடுத்தால் 7,500. சேவைக் கட்டணம் 10 சதவீதம், வற் 18 சதவீதம் சேர்ந்தால் 9,600. பெரிய ஹோட்டல்களில் ஒரு தட்டுப் பொரித்த சோறு ஒன்றரை ஆளுக்குத் தாராளமாகக் காணும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மூன்று தட்டு நாலு பேருக்குப் போதும். வெளியே போகும் அலைச்சலும் இல்லை, விலையும் ஓட்டமாவடிக் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சமம். எங்கள் தெரிவு இதுதான்.

ஹாஃப் போட் வெல்வது இரண்டு இடத்தில். பிள்ளைகள் எல்லாரும் ஆறு வயதுக்குக் கீழே இருந்து அவர்களுக்குச் சாப்பாடு இலவசம் என்றால், அல்லது பதின்ம வயதுப் பையன்கள் இருவர் கூட வந்தால். மூன்று முறை தட்டு நிரப்புகிறவர்களுக்குப் பஃபே நட்டமில்லை. ஆனால் 12 வயது முடிந்தால் பெரும்பாலான இடங்களில் முழுக் காசு. எந்த வயது வரை அரைக் காசு என்று கேட்டு, பிறப்புச் சான்றிதழின் படமொன்றைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஏன் வீணாகிறது

ஃபுல் போட்டில் காசு போவது மத்தியானச் சாப்பாட்டில். பாசிக்குடாவில் கடல் இடுப்பளவு ஆழத்தில் நெடுந்தூரம் போகும், ஆட்கள் காலை வெயில் ஏறும்வரை தண்ணீரிலேயே கிடப்பார்கள். பிறகு ஒன்பதரைக்குக் காலைச் சாப்பாடு. அப்பம் சுடுகிறவர் முன்னால் வரிசை: முட்டை அப்பம் ஒன்று, வெள்ளை அப்பம் இரண்டு, கட்டச் சம்பல். அடுத்த மேசையில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு. பிறகு பழம், பாண், பட்டர். பத்து மணிக்கு இப்படிச் சாப்பிட்டவர் பன்னிரண்டரைக்குத் திறக்கும் மத்தியானப் பஃபேயில் என்ன சாப்பிடுவார்? காலைச் சாப்பாடுதான் இந்த எல்லாத் திட்டத்திலும் காசுக்குப் பெறுமதியான வேளை. அதைப் பிந்திச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்தால் இரவுவரை தாங்கும்.

இன்னொன்று, அறை கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு, திரும்ப எடுப்பது மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு. ஓர் இரவுக்கு ஃபுல் போட் எடுத்தவரின் மத்தியானச் சாப்பாடு எந்த நாளுக்குரியது? வந்த அன்றைக்கா, அறையை விட்டபிறகா? பல இடங்களில் திட்டம் இரவுச் சாப்பாட்டில் தொடங்கி மறுநாள் மத்தியானத்தில் முடியும். பன்னிரண்டுக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டு, பைகளை வரவேற்பில் போட்டுவிட்டு, ஈரத் துணியோடு சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டி வரும். வந்த நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று முன்னரே கேளுங்கள். பகலில் மட்டக்களப்புக் கோட்டை, கல்லடிப் பாலம், மாமாங்கம் என்று போகிறவர்கள் ஃபுல் போட் எடுக்கவே வேண்டாம். எடுத்துவிட்டால் முதல்நாள் இரவே சொல்லி மத்தியானத்தைப் பார்சலாகக் கேளுங்கள். காலையில் கேட்டால் சமையலறையில் நேரம் இருக்காது.

மத்தியானத்துக்கு எங்களுக்குப் பிடித்த வழி கல்குடாப் பக்கத்துச் சின்ன விடுதிகள். காலையிலேயே சொல்லிவிட்டால், குறைந்தது நாலு மணித்தியாலம் முன்னர், அன்றைய மீனில் சோறும் கறியும் ஆக்கித் தருவார்கள். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இருப்பதால் மீன் புதிது. முழு மீனாக வாங்கிக் கொடுத்தால் நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோ எடுங்கள், தலை, குடல், செதில் போக ஒரு கிலோ தேறும். நண்டென்றால் கூடுதலாக வேண்டும், ஓடே பாதிப் பாரம்.

ஓல் இன்க்ளூசிவ் குடிக்காதவர்களுக்கு வேண்டாம். குடிப்பவர்களும் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும்: போயா நாளில் மது விற்பனைக்குத் தடை, ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். அதற்காக விலை குறைவதில்லை. உள்ளூர் மது வகை மட்டுமா, எத்தனை மணிவரை என்பதும் கேட்கவேண்டியது.

வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பஃபேயின் விலை இறாலையும் இறைச்சியையும் வைத்துப் போடப்படுகிறது, மரக்கறிக்காரருக்குக் குறைப்பதில்லை. வெள்ளி இரவுக்கு ஹாஃப் போட் எடுப்பது பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் இறால் விலை கொடுப்பதாகும். நோன்பு மாதத்தில் தங்குகிற முஸ்லிம் குடும்பங்களுக்குக் காலைச் சாப்பாடுதான் வீண். அதற்குப் பதிலாக விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாடு அறைக்கு வருமா என்று கேளுங்கள். பல இடங்களில் மறுக்கமாட்டார்கள்.

காசு கட்டுமுன்

சொல்லும் விலையில் வரி அடங்கியதா என்பது முதற்கேள்வி. அடங்காவிட்டால் 10,000 என்பது குறைந்தது 12,800. அடுத்தது தண்ணீர். ஹாஃப் போட்டிலும் ஃபுல் போட்டிலும் மேசைத் தண்ணீர்ப் போத்தல், சோடா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான தேத்தண்ணி பல இடங்களில் தனி பில். மூன்று இரவுக்கு இது ஒரு கணிசமான தொகை.

கிழக்கில் கடல் அமைதியான காலம் ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை. மாரியில் ஆட்கள் குறைந்தால் பஃபே நின்று, மூன்று வகையில் ஒன்றைத் தெரிவுசெய்யும் செட் மெனு வரும். அதற்கும் பஃபே விலைதான் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். டிசம்பர் 31 இரவு தங்கினால் விசேட விருந்துக் கட்டணம் ஹாஃப் போட்டுக்கு மேலும் ஏறலாம்.

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் உறவினரோடு போனால் அறைகளைத் தனித்தனியாகப் பதியுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலர் விலை, சாப்பாட்டு வித்தியாசமும் டொலரில். அடையாள அட்டை உள்ளவர்கள் உள்ளூர் விலையில் எடுத்து, மற்றவர்களுக்குக் காலைச் சாப்பாடு மட்டும் எடுத்தால் போதும்.

தீர்மானிக்க முடியாவிட்டால் காலைச் சாப்பாட்டோடு மட்டும் பதியுங்கள். வந்த அன்று பின்னேரம் நாலு மணிக்குமுன் வரவேற்பில் சொன்னால் பெரும்பாலும் ஹாஃப் போட்டாக உயர்த்தித் தருவார்கள். முன்பு சொன்ன வித்தியாச விலையே செல்லுமா என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஃப் போட் எடுத்துவிட்டு இறங்க நினைத்தால் கட்டிய காசு திரும்பி வராது.