பச்சை மேசைத்துணிமேல் இரண்டு டிக்கெட்: அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்

போன வாரம் சமூக வலைத்தளத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. பச்சைக் கட்டம் போட்ட மேசைத்துணி, அதன்மேல் இரண்டு நாடக டிக்கெட்டுகள், இருக்கை எண்ணை மறைத்தபடி பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கட்டைவிரல். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. 2022-ல் என்னிடமும் தம்பியிடமும் 44,000 யென் பறித்தது இதே படம்தான். கணக்கின் பெயர் மட்டும் வேறு. அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

அந்த வருடம் ஜப்பானின் தகராசுகா நாடகக் குழுவின் சோரா பிரிவு ‘ஹை அண்ட் லோ: தி ப்ரீக்வெல்’ நாடகத்தை மேடையேற்றியது. ஹை அண்ட் லோ என்ற ஜப்பானிய அடிதடிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஓயா உயர்நிலைப் பள்ளியைத் தெரிந்திருக்கும். அடிதடிக்காகவே பேர் போன பள்ளி அது. தலைவனாக வேண்டுமென்றால் நூறு குத்து வாங்கியும் நிற்க வேண்டும், அப்படி நின்றவன் முராயாமா. தம்பி ஒசாகாவில் படிக்க வந்த புதிதில் ஜப்பானிய மொழி கற்றதே இந்தப் படங்களை வைத்துத்தான். தகராசுகாவில் நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். 1914 முதல் அப்படித்தான். அந்த முரட்டுப் பையன்களைப் பெண்கள் எப்படி நடிக்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றான். எனக்கும் ஆசைதான்.

முறையாக டிக்கெட் வாங்க முயன்றோம். முன்பதிவுக் குலுக்கலில் கிடைக்கவில்லை. பொது விற்பனை தொடங்கிய அன்று பக்கம் திறப்பதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் அந்தப் பதிவைப் பார்த்தேன். வீட்டில் கொரோனா வந்துவிட்டதால் போக முடியவில்லை, இரண்டு டிக்கெட் இருக்கிறது, கீழ்த்தளம், மேடைக்கு அருகில் என்று எழுதியிருந்தது. பேச்சில் அவ்வளவு பணிவு. டிக்கெட்டில் அச்சிட்ட விலை ஒன்றுக்குப் பத்தாயிரம் யென்னுக்குள்தான், ஆனால் கேட்டது 22,000. இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் சொல்லுங்கள் என்றதும் வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். கணக்குக்காரர் பெயர் பேசியவர் பெயரோடு ஒத்துப்போகவில்லை. கேட்டதற்கு “அம்மாவின் கணக்கு” என்று பதில் வந்தது.

டிக்கெட்டைத் தபாலில் அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். காட்சிக்கு முந்தின இரவு 13 இலக்க எண் ஒன்றுதான் வந்தது. அதைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் சொன்னால் டிக்கெட்டை அச்சடித்துத் தருவார்கள். இங்கே வழக்கமான முறைதான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தம்பி இரவுப் பேருந்தில் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தான். யூராகுச்சோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த அம்மா எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடியும் ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினார். பிறகு மெதுவாக “ஹக்கென்-சுமி” என்றார். ஏற்கெனவே அச்சடித்து யாரோ வாங்கிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். “அக்கா, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுக்கா” என்றான் தம்பி. அந்த அம்மா மூன்றாவது முறையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அதற்குள் விற்றவரின் கணக்கே காணாமல் போயிருந்தது.

இம்பீரியல் ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் அரங்கு வரை நடந்து போய், உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது யோசித்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. டிக்கெட் காகிதத்தைக் கையில் வைத்துப் படம் எடுத்தவரிடம், அச்சடிக்க இன்னும் எண் எப்படி இருக்கும்? காகிதம் வெளியே வந்துவிட்டால் அந்த எண் செத்துவிடும். படமும் எண்ணும் ஒன்றாக வந்தால் ஏதோ ஒன்று பொய். இது ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ஒருவேளை உண்மையான டிக்கெட்டே வந்திருந்தாலும் சிக்கல்தான். 2019 ஜூன் 14 முதல் ஜப்பானில் டிக்கெட் மறுவிற்பனைத் தடைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பார்ப்பதற்காக வாங்குகிறவர்மேல் வழக்கு வராது. ஆனால் அப்படி வாங்கிய டிக்கெட் என்று தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அதிக விலை கொடுக்க முன்வந்தது என் தவறு.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டார்கள். உடனே பணம் போன வங்கிக்குச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்கள். பணம் பறிக்கப் பயன்பட்ட கணக்கை முடக்கி, மிச்சமிருப்பதை ஏமாந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க 2008 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. நாங்கள் சொல்வதற்குள் கணக்கைத் துடைத்திருந்தார்கள். ஆயிரம் யென்கூட மிச்சமில்லாத கணக்கில் பங்கீடு கிடையாதாம். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே கூப்பிட்டிருக்க வேண்டும், நாங்கள் அரங்கு வாசலில் நின்று நேரத்தை விட்டுவிட்டோம். நுகர்வோர் உதவிக்கு 188, காவல்துறை ஆலோசனைக்கு #9110. இரண்டையும் கைபேசியில் போட்டு வையுங்கள்.

நாடகத்தைக் கடைசியில் பார்த்துவிட்டோம். தகராசுகாவின் கடைசி நாள் காட்சியைத் திரையரங்குகளில் நேரலையாகக் காட்டுவார்கள். நான் டோக்கியோவில் ஒரு திரையரங்கில், தம்பி ஒசாகாவில் ஒன்றில். ஓயா பள்ளிக் கூட்டம் தோளைச் சரித்துக்கொண்டு நடந்து வந்தபோது அரங்கமே மூச்சுவிடாமல் இருந்தது. படத்தில் முஷ்டியாகப் பார்த்த சண்டையெல்லாம் இங்கே ஆட்டமாக மாறியிருந்தது. ஆனால் முறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. இடைவேளைக்குப் பிறகு நடன நிகழ்ச்சி, முடிவில் 26 படிகள் கொண்ட அந்தப் பெரிய படிக்கட்டில் எல்லோரும் இறங்கி வந்தார்கள். தம்பி இரவில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். இதற்கு அந்த 44,000 யென் தேவையே பட்டிருக்கவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்கள் முதலில் நேரலை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். இப்போது வேறொரு நாடகத்தின் பெயரில் போட்டிருக்கிறார்கள். மூன்று முறை புகார் கொடுத்தும் இன்று காலைவரை எடுக்கவில்லை. பச்சைக் கட்டம், இரண்டு டிக்கெட், பிளாஸ்திரி ஒட்டிய இடது கட்டைவிரல். பார்த்தால் நீங்களும் புகார் கொடுங்கள். இதே படத்தை நம்பி ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் வங்கியைக் கூப்பிடுங்கள்.