ஷிமோநாடா ரயில் நிலையம்: கடல் தாராளம், டைம்டேபிள் கறார்

ஜப்பானின் ஷிகோகு தீவில், எஹிமே மாகாணத்தின் இயோ நகரைச் சேர்ந்த கடலோரக் கிராமம் ஷிமோநாடா. நிலையம் என்று சொல்ல ஒரு பிளாட்பாரம், ஒரு தண்டவாளம், சின்ன மரக் கட்டடம், அவ்வளவுதான். டிக்கெட் கொடுக்கவோ வாங்கவோ ஆள் கிடையாது. பிளாட்பாரத்தில் ஒரு நிழற்கூரை, அதன் கீழே பெஞ்சு, பக்கத்தில் வெள்ளைப் பெயர்ப்பலகை, அதற்கு அப்பால் இயோநாடா கடல். சாதாரண ரயில்களில் நாடு சுற்ற உதவும் ‘செய்ஷுன் 18’ டிக்கெட்டின் விளம்பரப் போஸ்டரில் இந்தக் காட்சி மூன்று முறை வந்தது. கூட்டம் தேடி வருவது அதனால்தான்.

1935-இல் திறந்த நிலையம் இது. 1986 மார்ச்சில் உச்சிகோ வழியாக மலைக்குள் குறுக்குப் பாதை வந்ததும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அதே ஆண்டு இங்கிருந்த ஊழியர்களையும் எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வருடமே பிளாட்பாரத்தில் அந்திநேரக் கச்சேரி ஒன்றைத் தொடங்கினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அதை நடத்துவது வழக்கம்.

வருபவர்கள் அதிகம் கோட்டை விடுவதும் அந்தக் குறுக்குப் பாதையால்தான். எஹிமேயின் தலைநகரான மாட்சுயாமாவில் இருந்து இயோ-ஓஸு, யவாதஹாமா பக்கம் போகும் வண்டி என்று மட்டும் பார்த்து ஏறினால் மலைக்குள் போய்விடுவீர்கள். நாகஹாமா வழியாகப் போகும் சாதாரண வண்டிதான் வேண்டும். உவாகாய் எக்ஸ்பிரஸ் இங்கே வரவே வராது. பாதை பிரியும் இடம் முகாய்பரா. அதற்கடுத்து கோனோகாவா வந்தால் சரியான வண்டியில் இருக்கிறீர்கள். இயோ-ஓஹிரா வந்தால் தவறிவிட்டது, உடனே இறங்கித் திரும்பும் வண்டி எப்போது என்று பாருங்கள். மின்பாதை இயோ-ஷி நிலையத்தோடு முடிந்துவிடும் என்பதால், சில நேரங்களில் அங்கே டீசல் வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். மொத்தப் பயணம் சுமார் ஒரு மணி நேரம். போகும்போது வலதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

காசு விஷயம் நம்ம ஊர் பஸ் மாதிரி, ஆனால் கண்டக்டர் இல்லாத பஸ். வண்டியில் டிரைவர் மட்டும்தான். மாட்சுயாமாவிலேயே காகித டிக்கெட் வாங்கிவிட்டால் இறங்கும்போது அதை டிரைவரிடம் கொடுத்தால் போதும். வழியில் ஆளில்லா நிலையத்தில் ஏறினால் பின்கதவு வழியாக ஏறி, கதவருகே இருக்கும் மெஷினில் எண் போட்ட துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கும் கட்டணப் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே இருப்பதுதான் கட்டணம். இறங்குவது முன்கதவில். இரண்டு பெட்டி வண்டியாக இருந்தாலும் இங்கே முதல் பெட்டியின் முன்கதவு மட்டும்தான் திறக்கும். பின்பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் முந்தைய நிலையமான இயோ-காமிநாடா தாண்டியதும் முன்னால் வந்துவிடுவது நல்லது.

தட்டிக் கட்டணம் செலுத்தும் ஐசி அட்டைக்கு இந்த நிலையத்தில் வேலை இல்லை. கட்டணம் ஆயிரம் யென்னுக்குள் அடங்கும் என்றாலும் சரியான சில்லறை வேண்டும். டிரைவர் பக்கத்தில் ஆயிரம் யென் நோட்டை மாற்றும் மெஷின் இருக்கும், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகளை அது ஏற்காது. முதலில் நோட்டை மாற்றி, பிறகு சீட்டையும் சில்லறையையும் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். நோட்டை நேரே கட்டணப் பெட்டியில் போட்டுவிட்டு மீதிக்காக நிற்கும் வெளியூர்க்காரரால் வண்டியே தாமதமாகும். ஜப்பான் ரயில் பாஸ், ஆல் ஷிகோகு பாஸ் இரண்டும் செல்லும்; டிரைவரிடம் காட்டிவிட்டு இறங்கலாம்.

நிலையத்தைச் சுற்றிப் பார்க்க அரை மணி தாராளம். ஆனால் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி, சில வேளை மூன்று மணி கூட ஆகும். அதனால் வரும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியை முதலில் தீர்மானியுங்கள். ஜூனில் சூரியன் மறைய ஏழரை மணி நெருங்கிவிடும், டிசம்பரில் ஐந்துக்கே இருட்டு. அஸ்தமனத்துக்குப் பிறகான வண்டியைத் தவறவிட்டால் டாக்ஸி தேடி அலைய வேண்டும், கிராமத்தில் அது சுலபமில்லை. நேரத்தைப் போக்க, கடலுக்குள் இறங்கும் தண்டவாளம் ஒன்றை நடந்துபோய்ப் பார்க்கலாம். அது ரயில் பாதை அல்ல, படகுகளைக் கரையேற்றப் போட்டது. நிலையத்துக்குள் கடை கிடையாது. வெளியே காபி விற்கும் வண்டி இருந்தால் அதிர்ஷ்டம். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், குப்பையையும் திரும்ப எடுத்துப் போங்கள்.

குறை என்றால் கூட்டம்தான். வார இறுதியில் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுக்க வரிசை நிற்கும். அதில் பாதிப்பேர் காரில் வந்தவர்கள். குறுகலான ஊர்த்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு வருவதால் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தலைவலி. போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்குபவர்களை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ஆளில்லை என்றாலும் ஓடுகிற ரயில் பாதை அது. செவ்வாய், புதன் காலை வண்டியில் வந்தால் பெஞ்சு பெரும்பாலும் உங்களுக்கே.

இயோநாடா மோனோகதாரி என்ற சுற்றுலா ரயிலும் பெரும்பாலும் வார இறுதிகளில் இங்கே பத்து நிமிடம் போல நிற்கிறது. முன்பதிவு செய்த கிரீன் பெட்டி (முதல் வகுப்பு) இருக்கைகள் மட்டுமே, சாதாரண டிக்கெட்டில் ஏற முடியாது. சாப்பாடு, உபசரிப்பு எல்லாம் உண்டு என்றாலும், மொத்தப் பயணிகளும் ஒரே நேரத்தில் இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நிலையத்தை ரசிக்க இடமே இருக்காது. நிலையத்துக்காகவே வருபவர்களுக்கு ஒற்றைப் பெட்டி டீசல் வண்டிதான் சரி.

கனமழை நாட்களில் கடலோரப் பாதையில் வண்டிகள் நிறுத்தப்படலாம். விவரம் கேட்க இங்கே ஆள் இல்லாததால், மாட்சுயாமாவில் கிளம்பும் முன்பே அங்குள்ள ஊழியரிடம் விசாரித்துவிடுங்கள்.