ஹோர்ட்டன் சமவெளி: ‘மூத்தோருக்கான இலகு நடை’ என்று காசு கட்டுமுன்

நுவரெலியாவிலிருந்து, இலங்கை மலைநாட்டிலுள்ள தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்கு, ‘60 தாண்டியவர்களுக்கான இலகு நடை, எல்லாச் செலவும் அடக்கம்’ என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். 14 பேர் கொண்ட எங்கள் நடைக்குழு முழுக் காசையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தது. ஏற்பாட்டாளரின் பெயர் வேண்டாம். எங்கே பிழைத்தது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மூலம் நேரம். வான் வந்தது 7.30க்கு. ‘பெரியவர்கள் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும்’ என்று காரணம் சொன்னார்கள். அதே வான் விடியற்காலையில் வேறொரு குழுவை இறக்கிவிட்டு வந்திருக்கிறது என்பது பிறகு சாரதியின் வாயிலிருந்தே வந்தது. பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர், முழுக்க மலைப்பாதை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நுழைவாயிலில் வரிசை, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னில் பை சோதனை எல்லாம் முடிந்து நடக்கத் தொடங்க 9.30 ஆகிவிட்டது. நடையின் முக்கிய காட்சியிடம் ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலை விளிம்பு. அங்கேயோ பெரும்பாலான நாட்களில் 9, 10 மணிக்கெல்லாம் கீழிருந்து முகில் ஏறி மூடிவிடும். 880 மீற்றர் அளவான அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நுழைவாயில் 6 மணிக்குத் திறக்கும். ஆகவே 5 மணிக்கு முன்பே நுவரெலியாவில் வெளிக்கிட வேண்டும், காலைச் சாப்பாடு பொதியாகக் கையில் இருக்க வேண்டும். 7 மணிக்குப் பிறகுதான் வான் என்றால் காசு கட்டாதீர்கள்.

‘இலகு’ என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. சுற்றுப்பாதை சுமார் 9.5 கிலோமீற்றர். இளையவர்களுக்கு மூன்று மணித்தியாலம், 65 தாண்டியவர்களுக்கு நாலரை, ஐந்து. இடம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் சமதரையிலும் மூச்சு வாங்கும். தொடக்கத்தில் வரும் புல்வெளி ஆளை ஏமாற்றும். வழியில் வரும் சிறிய காட்சியிடமான சின்ன உலக முடிவை நெருங்கும்போதுதான் வேர்களும் உருளும் கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் தொடங்குகின்றன. உலக முடிவில் நின்று ‘இனி முடியாது’ என்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். முழங்கால் நோ உள்ளவர்கள் பேக்கர் அருவிக்கு இறங்கும் துண்டை விட்டுவிடலாம். ஈரக்கல், செங்குத்து இறக்கம், பிறகு அதே ஏற்றம். இதைச் சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. எங்களுக்கு வந்தவர் சாரதியின் உதவியாளர். வேகமாக நடந்தவர்களோடு முன்னே போய்விட்டார். மூத்தோர் குழுவுக்கு முன்னால் ஒருவர், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

சாப்பாட்டுப் பார்சல் லஞ்ச் ஷீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றப்பட்டிருந்தது. அங்கே பொலித்தீன் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்து எடுத்துவிடுவார்கள். அடிக்கடி போகும் ஏற்பாட்டாளருக்கு இது தெரியாமலிருக்க நியாயமில்லை. 14 பார்சலையும் வாசலில் பிரிக்க வேண்டியதாயிற்று. கறியும் சோறும் எந்தக் கோலத்தில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாழையிலை அல்லது மூடியுள்ள டப்பா என்று முதலே கேட்டு வாங்குங்கள்.

நுழைவுச்சீட்டில்தான் பெரிய அடி. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு கூடிய கட்டணம். அதற்கு மேல் சேவைக் கட்டணம், வரி, வாகனக் கட்டணம். எங்களில் மூவர் கனடாவிலிருந்து வந்தவர்கள். ‘எல்லாம் அடக்கம்’ என்றது உள்நாட்டுச் சீட்டுக்கு மட்டுமாம். மிச்சத்தை வாசலில் ரொக்கமாகக் கேட்டார்கள். குழுவில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இருந்தால், எத்தனை பேருக்கு எந்தச் சீட்டு, வாகனக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை வாட்சப்பில் எழுத்தாக வாங்குங்கள். பாதிக் காசை மட்டும் முற்பணமாகக் கொடுங்கள். மிச்சத்தைச் சீட்டுகள் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.