குமரிக் காற்றுக்கு எது தாங்கும்? பென்சில், கரி, பேனா, தாள்: ஓர் ஒப்பீடு

வரைபொருள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். குமரி மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எங்கே உட்கார்ந்து வரையப் போகிறோம் என்பது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மண் இது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகத்துக்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் தாள் தொய்ந்துவிடும். ஆகவே இந்த ஒப்பீடு காற்றையும் ஈரத்தையும் முன்னால் வைத்துத்தான்.

பென்சிலா, கரியா?

பென்சிலில் பத்து பன்னிரண்டு தரம் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. எச்பி, 2பி, 4பி, 6பி என்ற நான்கு போதும்; பி எண் கூடக் கூட முனை மென்மையாகும், கோடு கறுக்கும். எச் வரிசையில் களிமண் அதிகம், முனை கடினம். ஈரம் ஏறிய தாளில் அது கோடு போடாமல் பள்ளம்தான் போடும். பின்னால் அழித்தாலும் பள்ளம் போகாது, மேலே ஷேடிங் செய்தால் வெள்ளைக் கீறலாகத் தெரியும். (நடராஜா அப்சராவா என்று மல்லுக்கு நிற்பவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டுமே ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் தயாரிப்புதான்.) 4பிக்கு மேல் போனால் ஷார்ப்னரை மறந்துவிட்டு பிளேடால் சீவுங்கள், முனை 8 முதல் 10 மி.மீ. வரை வெளியே தெரியும்படி. சீவச் சீவ முனை ஒடிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் பிளேடின் குற்றமல்ல. பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளே ஊசி உடைந்திருக்கும்.

பென்சில் தோற்கிற இடம் ஒன்று உண்டு. தக்கலை பக்கத்து பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த, பளபளக்கும் தரையை 6பியால் எத்தனை முறை தேய்த்தாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது. பென்சில் ஊசியிலுள்ள கிராஃபைட் மினுங்கத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகத் தெரியும். கரியில் அந்த மினுக்கம் இல்லை, முழுக்கறுப்பு. ஆனால் அதே அரண்மனையின் மரக்கூரைச் செதுக்கு வேலையைக் கரியால் பிடிக்க முடியாது, கோடு தடித்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் கரியை முதலில் போடுங்கள். தேய்த்த கிராஃபைட்டின் மேல் கரி ஒட்டாமல் வழுக்கும்.

கரியிலும் இரண்டு வகை. குச்சியை எரித்துச் செய்தது விரலால் தட்டினாலே உதிரும். திருத்த எளிது, முதல் வரைவுக்கு ஏற்றது. பொடியை அழுத்திச் செய்தது இன்னும் கறுப்பு, ஆனால் முழுதாக அழியாது. இரண்டையும் நிலைநிறுத்த, பொடி உதிராமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும்: 30 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மழைநாளில் அடித்தால் வெண்புகை படர்ந்ததுபோல் கறுப்பு மங்கிவிடலாம். தெளித்த படலம் காயும்போது காற்றின் ஈரம் அதில் சிக்கிக்கொள்வதுதான் காரணம். தலைமுடி ஸ்ப்ரே அடிக்கலாம் என்று சொல்வார்கள். பயிற்சித் தாளுக்குச் சரி, வைத்துக்கொள்ள நினைக்கும் படத்துக்கு வேண்டாம், நாளாக நாளாக மஞ்சளிக்கும்.

எங்கள் தீர்ப்பு: வெளியே பென்சில், வீட்டுக்குள் கரி. கடற்கரைக்குக் கரி கொண்டுபோனால் படத்தைவிட அதிகமாக உடுப்பில்தான் இருக்கும்.

பேனாக்கள்

போட்டி சூடு பிடிப்பது இங்கேதான். மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1966இல் கட்டியது, உயரம் 115 அடி. ஒரே மாதிரித் தூண்கள் தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். இதற்குச் சீரான கோடு வேண்டும். பிக்மென்ட் லைனர், அதாவது நிறமி மை நிரப்பிய மெல்லிய முனைப் பேனா, அதைத் தருகிறது. சகுரா கம்பெனியின் மைக்ரான் வகையில் 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ., 08 என்றால் 0.50 மி.மீ.; எண்ணை அப்படியே மில்லிமீட்டராக எண்ணி வாங்கி ஏமாறாதீர்கள். பக்கத்துத் தூணுக்கு 05, தூரத்துத் தூணுக்கு 01 என்று இரண்டு இருந்தாலே ஆழம் வந்துவிடும். மை காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. குறைகளும் உண்டு. சொரசொரப்பான தாளில் முனை தேயும். அழுத்திப் பிடிப்பவர் கையில் உள்ளே அமுங்கிப்போகும். அடியிலுள்ள பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் போட்டால் கறுப்பும் கொஞ்சம் வெளுக்கும்; அதனால் அடிக்கோட்டை மெல்லிதாகப் போடுங்கள்.

தொட்டு எழுதும் நிப் பேனாவின் கோட்டில் உயிர் இருக்கும். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். புதிய நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டால் மை துளியாக உருண்டு விழும். கழுவிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுவதால் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு முறையும் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். பழைய மரத்தளங்களும் கல்மண்டபங்களும் உள்ள இடத்தில் மைப்புட்டி திறப்பது மரியாதையுமல்ல. இது மேசைக்கான கருவி.

ஃபவுண்டன் பேனாவில் வரையலாமா? தாராளமாக. சாதாரண மை தண்ணீரில் கரையும், அதையே பலமாக்கிக்கொள்ளலாம்: கோட்டின் மேல் ஈரத் தூரிகையை ஓட்டினால் நிழல் தானாகப் படரும். ஆனால் இந்தியன் இங்க்கை அதில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு வழியை அடைத்துவிடும், பேனா போனது போனதுதான்.

கல்லூரிப் பிள்ளைகள் மட்டமாக நினைக்கும் பால்பாயின்ட்தான் கடலோரத்தில் பலமான ஆள். எண்ணெய் சேர்ந்த மை என்பதால் சாரல் பட்டாலும் பெரும்பாலும் ஓடாது. மெல்லிதாகப் பிடித்தால் பென்சில்போல் சாம்பல் நிறம் வரும். அவ்வப்போது நுனியில் சேரும் கட்டியை ஒரு துண்டுத் தாளில் துடைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் மாட்டினால் நிறம் வெளுக்கும், எனவே ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஜெல் பேனாவை விட்டுவிடலாம். ஈரநாளில் காயவே காயாது.

தாள்

பணம் எங்கே போட வேண்டும் என்றால், இங்கேதான். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாள் கைப்பயிற்சிக்கு மட்டும். பென்சிலுக்கும் பேனாவுக்கும் 130 முதல் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த வரைதாள், போதும். வாட்டர்கலர் என்றால் 300 ஜிஎஸ்எம். அதற்குக் கீழே உள்ளது அலை அலையாகச் சுருங்கும்.

வாட்டர்கலர் தாளில் நீர் உடனே ஊறாதபடி பசைப்பூச்சு இருக்கிறது. மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் அது கெட்டுப்போகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறம் போட்ட பிறகுதான் அங்கங்கே ஒற்றுத்தாள்போல் உறிஞ்சிக் கரும்புள்ளியாகும், திருத்தவும் முடியாது. ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: சில நொடியிலேயே உள்ளே போனால் அந்தத் தாளைப் பேனாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். மொத்தமாக வாங்கிக் குவிப்பது இந்த ஊரில் லாபமல்ல. வாங்கியதைச் சுவரையொட்டிய பீரோவில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

வாட்டர்கலர் நிறக்கட்டிகளுக்கும் இதே கதை. ஈரத்தோடு டப்பாவை மூடினால் பூஞ்சை வரும். இரவு திறந்து வைத்து மறுநாள் மூடுங்கள்.

டேப்லெட்டைப் பற்றிச் சுருக்கமாக: வெயிலில் திரை தெரியாது, அதனால் வெளியில் வரைய ஏற்றதல்ல. பத்திரிகைக்கு ஓவியம் அனுப்புபவருக்கு மட்டும் அவசியம். ஏ4 அளவில் அச்சுக்கு 2480 × 3508 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். பின்னால் பெரிதாக்கினால் கோடு உடையும்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து வள்ளுவர் சிலையை வரையப் போகிறவர் பையில் இவ்வளவு போதும்: ஏ5 கார்ட்ரிட்ஜ் நோட்டு, பக்கம் பறக்காமலிருக்க இரண்டு கிளிப், 2பி பென்சில், 05 லைனர், ஒரு பால்பாயின்ட், கைக்கடியில் வைக்க ஒரு துண்டுத் தாள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 என்பதால் உயரத்தை ஏழாகப் பிரித்தால் கீழே இரண்டு பங்கு பீடம், மேலே ஐந்து பங்கு சிலை. தாளில் 14 செ.மீ. உயரம் வைத்தால் 4 செ.மீ.யில் ஒரு குறி. கரையிலிருந்து பார்க்கும்போது தலை சிறிதாகத் தோன்றுகிறதே என்று பீடத்தை உயர்த்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.